பக்கவாசல் சாவிக்கு இரண்டு பதில்கள்

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து சுட்டது. அவள் ஆவணப்படங்களுக்கு எடிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்ததும், "இதை எழுதித் தொலைக்காதே" என்றாள். அப்படிச் சொன்னால் எழுதாமல் எப்படி இருப்பது?

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "தியேட்டர் தீப்பிடித்த அந்த மாலையில் வானம் செக்கச்செவேலென்று

அடித்துவிட்டேன். அது மதியக் காட்சி. தவிர, அன்று வானத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இரண்டாவது ஆரம்பம்: "எடிட்டர் நேர்மையே உருவான பெண்." இதுவும் போயிற்று. சின்ன வயதில் என் பென்சில் டப்பாவை ஒளித்து வைத்துக்கொண்டு, எடுக்கவே இல்லை என்று ஒரு வாரம் சாதித்தவள் அவள்.

எனவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2

முப்பத்தொரு வருஷங்களுக்கு முன் ஒரு தியேட்டரில் தீப்பிடித்தது. பக்கவாசல் பூட்டிக் கிடந்ததால் ஒன்பது பேர் செத்துப்போனார்கள். பூட்டியவர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் என்று வழக்குப் போட்டார்கள். அவரை வாசல்காரர் என்றே சொல்கிறேன். சாவி அவரிடம்தான் இருந்தது என்று டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மா சாட்சி சொன்னார். வாசல்காரர் ஏழு வருஷம் ஜெயிலில் இருந்தார். வெளியே வந்தபோது மனைவி உயிரோடில்லை. சித்தி வீட்டில் வளர்ந்த மகளுக்கு அவர் முகம் அடையாளம் தெரியவில்லை.

இதைப் பற்றித்தான் படம். இயக்குநரை எல்லோரும் 'சார்' என்பார்கள். வாசல்காரர் நிரபராதி என்று நிரூபித்தே தீர்வது என்று சார் மூன்று வருஷமாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். (இவரை வில்லனாக்கிவிடலாமா என்று எனக்குச் சபலம் வந்தது. ஆனால் மூன்று வருஷம் சொந்தக் கைக்காசைப் போட்டு, யாரோ ஒரு கிழவருக்காக அலைகிறவரை எப்படி வில்லனாக்குவது?)

3

எடிட்டரின் அறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்கக் கம்பளம் ஒட்டியிருக்கும். கதவைச் சாத்தினால் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். அங்கே உட்கார்ந்துதான் அவள் கவுண்டர் அம்மாவின் பேட்டியைப் பார்த்தாள்.

அம்மாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம். பத்து ஐம்பதுக்கு அவர் சொல்கிறார்: "சாவி அவர்கிட்டதாங்க இருந்துச்சு."

அதே நாற்காலி, அதே புடவை, மணி பதினொன்று நாற்பது: "சாவி ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு. யார் வேணா எடுத்துப் பூட்டியிருக்கலாம்."

சார் குறித்துக் கொடுத்திருந்தது இரண்டாவது பதிலை. அதை வைத்தால் வாசல்காரர் தப்பித்தார்.

இடையில் ஐம்பது நிமிஷம் கேமரா ஓடவில்லை. ஆனால் அம்மாவின் புடவையில் குத்தியிருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. எடிட்டர் அந்த ஒலிப்பதிவைத் தேடியெடுத்துக் கேட்டாள். டம்ளர் சத்தம், யாரோ இருமும் சத்தம். பிறகு சாரின் குரல், தாயிடம் கேட்பதுபோல் அவ்வளவு கனிவாக: "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. சாவி மாட்ட ஆணி மாதிரி ஏதாச்சும் இருந்துச்சா?"

ஆக, ஆணி முதலில் வந்தது சாரின் வாயிலிருந்து.

4

அடுத்த நாள் காலை எடிட்டர் அந்த அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, ரெண்டு தடவை ரெண்டு மாதிரி சொல்லியிருக்கீங்க. எது சரி?"

"எதை வேணா போட்டுக்கோம்மா."

"அப்படி இல்லம்மா. உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

அம்மா அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்: "கோர்ட்ல நின்னது ஞாபகம் இருக்கு. வக்கீல் கேட்டது, நான் சொன்னது, எல்லாம் அப்படியே இருக்கு. சாவிதான் ஞாபகத்துல இல்ல."

"அப்போ ஆணி?"

"அந்தத் தம்பி அவ்வளவு ஆசையா கேட்டுச்சும்மா. இல்லன்னு சொல்ல மனசு வரல."

போனை வைத்த எடிட்டர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதல் பதில் பொய் என்றால் ஏழு வருஷம் அநியாயம். இரண்டாவது பொய் என்றால் படமே அநியாயம். இரண்டுமே பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை என்றால் அதை எந்தக் கணக்கில் வைப்பது?

(இந்த இடத்தில் ஞாபகம் என்றால் என்ன என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துவிட்டேன்.)

சாரிடம் சொன்னாள். சார் கத்தவில்லை. முகம் மட்டும் தொங்கிப்போயிற்று. "அவருக்கு எழுபத்தாறு வயசு. போறதுக்கு முன்னாடி ஒருத்தராவது அவர் தப்பு பண்ணலைன்னு சொல்ல வேணாமா?" என்றார்.

5

வெள்ளிக்கிழமை பிற்பகல், எடிட்டர் கூப்பிட்டதன் பேரில் வாசல்காரர் வந்தார். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. சார் வெளியூரில் இருந்தார். எடிட்டர் வாசல்காரரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பதில்களையும் போட்டுக் காட்டினாள். மைக்கில் பதிவான பேச்சையும் மறைக்கவில்லை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப இளைச்சுட்டாங்க" என்றார் முதலில்.

"ஐயா, நீங்க பூட்டுனீங்களா?"

அவளே எதிர்பார்க்காமல் கேட்டுவிட்டாள். மூன்று வருஷத்தில் சார் ஒருநாளும் கேட்காத கேள்வி.

"தெரியலம்மா. தினமும் பூட்டுற கதவு. அன்னைக்குப் பூட்டுனேனா, முந்தின நாள் பூட்டுனேனா... ஜெயில்ல படுத்து யோசிச்சு யோசிச்சு, ஒருநாள் பூட்டுவேன், ஒருநாள் பூட்ட மாட்டேன்."

(அக்கா சத்தியம் செய்கிறாள், அவர் இப்படியேதான் சொன்னார் என்று. நான் எழுதியதைப் படித்துக் காட்டியபோது மட்டும், "கிட்டத்தட்ட இப்படித்தான்" என்றாள்.)

எடிட்டர் கேட்டாள்: "இப்போ நான் எதைப் போடட்டும்?"

"அந்தம்மாவையே எடுத்துடுங்க. ரெண்டும் வேணாம்."

"அவங்க இல்லன்னா உங்க பக்கம் பேச படத்துல ஆளே இல்லைங்கய்யா. கோர்ட் தீர்ப்பு மட்டும்தான் மிஞ்சும். பார்க்கிறவங்க நீங்கதான்னு முடிவு பண்ணிடுவாங்க."

"பண்ணிட்டுப் போகட்டும். எனக்குப் பழகிப்போச்சு. ரெண்டாவதைப் போட்டா, அன்னைக்குப் பொய் சொன்னாங்கன்னு பேரப்பிள்ளைங்க முன்னாடி அவங்க தலை குனியணும். அவங்களுக்கு அது பழக்கமில்ல."

அப்போது, சார் சொல்லி விஷயம் தெரிந்திருந்த வாசல்காரரின் மகளிடமிருந்து எடிட்டருக்குக் குறுஞ்செய்தி வந்தது: "அப்பா வேணாம்னு சொல்வார். கேக்காதீங்க அக்கா. என் பிள்ளைங்களுக்கு அந்த ரெண்டாவது பதில் வேணும்."

6

முடிவு ஒன்று: எடிட்டர் பெரியவர் பேச்சைக் கேட்டு, கவுண்டர் அம்மாவை வெட்டி எறிந்து

முடிவு இரண்டு: மகளை நினைத்து, ஆணியை அப்படியே

முடிவு மூன்று: இரண்டு பதில், நடுவில் சாரின் குரல், எல்லாவற்றையும் சேர்த்து வைத்து மூன்று பேரையும் ஒரேயடியாக

ஒன்றும் உருப்படவில்லை. அக்காவையே கேட்டேன். மடித்த துணியை அலமாரியில் வைத்தபடி, "சொல்ல மாட்டேன். சொன்னா, நான் செஞ்சதுதான் சரின்னு நீ கதையைத் திருப்பிடுவ" என்றாள். படம் வெளியாகி ஐந்து மாதமாகிறது. இரண்டு தடவை டிக்கெட் வாங்கினேன். இரண்டு தடவையும் உள்ளே போகவில்லை.

எனவே அக்காவின் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். நாற்காலி கொஞ்சம் ஆடும், பார்த்து. திரையில் கவுண்டர் அம்மா வாயைத் திறந்தபடி உறைந்திருக்கிறார். வாசல்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். அவருடைய பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. கிளம்பும் முன் கதவைத் தட்டி, "என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்பார்.