துரையின் முதல் வாய்

குதிரையை உள்ளே கட்டுவதா, வெளியே கட்டுவதா என்று மழைக்கு முன்னால் முடிவெடுத்தாக வேண்டியிருந்தது.

வெளியே என்றால், முற்றத்தைப் பார்த்தபடி ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு மர அறைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பிளந்த கதவு. மேல் பாதியைத் திறந்துவிட்டால் குதிரை தலையை நீட்டி மைதானத்தையும் சாலையையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். உள்ளே என்றால், முற்றத்தின் பின்புறம் இருக்கும் பழைய கிடங்கு. ஒரு காலத்தில் காகிதச் சுருள்களை அடுக்கி வைத்திருந்த இடம். கல் சுவர், தகரக் கூரை, கைக்கு எட்டாத உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். மழை வராது, காற்று அடிக்காது. ஆனால் உள்ளே நிற்கிற உயிருக்கு வானம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

அவளும் அவள் புருஷனும் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்கள். இருந்தது இரண்டே குதிரை. ஆணுக்குப் பெயர் துரை, பெட்டைக்குச் சிட்டு. துரை போன மாதம் வெளி அறையின் ஈரத் தரையில் புரண்டு புரண்டு, வயிற்றுச் சூலையில் செத்துப்போனது. அன்றைக்கு வாயை மூடிய சிட்டு, அப்புறம் சரியாகத் தின்னவே இல்லை. அதன் வயிற்றில் ஒன்பது மாதக் குட்டி.

"ஈரம்தான் கொன்னுச்சு," என்றான் புருஷன். "இதையும் அதே இடத்துல வச்சுப் பலி கொடுக்கச் சொல்றியா?"

"ஈரம்னு டாக்டர் சொல்லலையே."

"அவரு ஒண்ணுமே சொல்லல. அதான் நான் சொல்றேன்."

மாட்டு டாக்டர் வந்து சிட்டுவின் விலாவைத் தடவிப் பார்த்தார். விரலுக்கு எலும்பு தட்டியது.

"ஏம்மா, உள்ள வச்சா தூசில இருமும். வெளிய வச்சா நனையும். ரெண்டு இடத்துலயும் குதிரை வாழும். பட்டினி கிடந்தா எங்கயும் வாழாது. இனிமே அது தின்னாத்தான் குட்டி. இல்லைன்னா போன தடவை மாதிரிதான்."

போன தடவை குட்டி நாள் நிறைவதற்குள் விழுந்துவிட்டது. மயிர்கூட முளைக்காத அந்த ஈரப் பொட்டலத்தைச் சாக்கில் சுற்றிப் புதைத்தவள் அவள். அதைப் பற்றி இருவரும் அப்புறம் பேசிக்கொண்டதில்லை. அந்த வீட்டில் பேசாத விஷயங்களுக்கென்று தனியாக ஒரு அறையே கட்டலாம்.

துணை இல்லாத ஏக்கம்தான் என்று முதலில் ஒரு ஆட்டைக் கட்டிப் பார்த்தார்கள். ஆடு சிட்டுவின் பங்கையும் தின்றுவிட்டு அதன் வாலையும் மென்றது. "சாப்பாடு போட்டு வேலைக்கு வச்சா முதலாளியையே கடிக்குதே," என்று சிரித்தான் கொழுந்தன். புருஷனின் தம்பி அவன், கடைத்தெருவில் தையல்காரன். ஆடு வந்த வழியே போயிற்று. சிட்டு கிடங்குக்குள் போயிற்று.

உள்ளே போன நாளிலிருந்து அது ஆடத் தொடங்கியது. முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி, தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். தொட்டிலை யாரோ ஆட்டிவிட்டுப் போனதுபோல் ஓயாத ஆட்டம். டாக்டர்தான் வழி சொன்னார்: "பெரிய கண்ணாடி ஒண்ணு மாட்டிப் பாருங்க. இன்னொரு குதிரை இருக்குன்னு நினைச்சுக்கும்."

கொழுந்தன் தன் கடையிலிருந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கி வந்தான்.

"இது எனக்கு ஆகாது அண்ணி. போட்டுப் பாக்கிறவங்க எல்லாரும், 'இதுல நான் குண்டாத் தெரியறேன், உன் தையல் சரியில்ல'ன்னு சண்டைக்கு வர்றாங்க."

"அப்ப சிட்டுக்குத்தான் பொருத்தம். வயித்துல ஆள் இருக்குல்ல."

குளம்பு படாதபடி கம்பி வலை அடித்து, கண்ணாடியைக் குறுக்கே படுக்கவைத்தாற்போல் சுவரில் மாட்டினார்கள். சிட்டு நிமிர்ந்து பார்த்தது. காது இரண்டும் முன்னால் வந்தன. ஆட்டம் நின்றது. சாயங்காலம் வாளியில் வைத்த ஊறவைத்த கொள்ளில் பாதியைத் தின்றது.

"உள்ளதான்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான் புருஷன். வெகு நாளைக்குப் பிறகு அவன் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

தீனி வைப்பது அவள் வேலை. மத்தியானத்தில், பிள்ளைகள் யாரும் வராத நேரத்தில், முற்றம் முழுக்க வெயிலும் அமைதியும் மட்டும் நிற்கும்போது வாளியோடு போவாள். வாசலிலேயே, "சிட்டு, நான்தான்," என்று குரல் கொடுப்பாள். குரல் கொடுக்காமல் குதிரையை நெருங்கக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். பின்னால் வருவது யாரென்று தெரியாவிட்டால் எவ்வளவு சாதுவான குதிரையும் உதைக்கும்.

ஒரு நாள் வாளியை வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றாள். சிட்டு குனியவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றது. எதற்கோ காத்திருப்பதுபோல் இருந்தது.

கண்ணாடிக்குள் இருந்த குதிரை குனிந்தது.

அதற்கப்புறம்தான் சிட்டு குனிந்தது.

ஒரு மூச்சு விடுகிற இடைவெளிதான். கண் பிசகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் இந்த வரிசை அவளுக்குத் தெரியும். இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

துரைக்குப் பசி தாங்காது. முதல் வாளி தனக்கு வராவிட்டால் கதவை உதைத்தே பிளந்துவிடும். அதனால் வருஷக்கணக்காக முதல் வாளி துரைக்கு. அது வாயை வைத்து மெல்லத் தொடங்கின பிறகுதான் சிட்டுவுக்கு. போகப் போக, வாளியை முன்கூட்டியே வைத்தாலும் சிட்டு தொடாது. பலகைத் தடுப்பில் காதை வைத்து, அந்தப் பக்கம் துரை மெல்லுகிற சத்தம் கேட்ட பிறகே குனியும். "புருஷன் சாப்பிட்டாத்தான் இவ சாப்பிடுவா," என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். துரை செத்த பிறகு ஆட்டைக் கட்டினார்கள், இடத்தை மாற்றினார்கள், டாக்டரைக் கூப்பிட்டார்கள். முதல் வாய் யாருடையது என்று மட்டும் இருவருக்குமே தோன்றவில்லை.

அடுத்த நாள் இடைவெளி கூடியது. அதற்கடுத்த நாள் இன்னும் கூடியது. பிறகு ஒரு மத்தியானம் சிட்டு குனியவே இல்லை. தலையை நிமிர்த்தி, காதை விறைத்து, கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றது. கண்ணாடிக்குள் பிடரி மயிர் வாளியின் விளிம்பில் விழுந்து அசைந்தது. மெல்லுகிற சத்தம் கேட்டது. கொள்ளு பல்லுக்கடியில் நசுங்குகிற, ஈரமான, நிதானமான சத்தம். சிட்டுவின் தாடை அசையவில்லை.

அவள் கீழே பார்த்தாள். வாளி வைத்தது வைத்தபடி நிறைந்திருந்தது.

புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவன் பார்த்தபோது கண்ணாடியில் ஒரு குதிரை நிமிர்ந்து நின்றது; இந்தப் பக்கம் ஒரு குதிரை நிமிர்ந்து நின்றது.

"அது இதைப் பாக்குது. இது அதைப் பாக்குது. இதுல என்னத்தைக் கண்டே?"

"விலா எலும்பைப் பாருங்க. இங்க தெரியுது. அங்க தெரியல."

"குண்டாக் காட்டற கண்ணாடின்னு தம்பிதான் சொன்னானே."

"சரி, வாளி? தொடவே இல்லையே."

"குட்டி வயித்தை இடிக்கும். கொஞ்சமாத்தான் தின்னும். ஆட்டம் நின்னுடுச்சுல்ல? நிம்மதியா நிக்குதா இல்லையா?"

நிம்மதியாகத்தான் நின்றது. ஆடிக்கொண்டிருந்த குதிரையாவது யாரையோ தேடியது. இது தேடுவதை நிறுத்திவிட்டது. எதிரில் ஒன்று தின்பதைப் பார்த்தே வயிறு நிறைந்துபோய், இப்படியே எலும்பாகி ஒரு நாள் சாயும். உள்ளே இருக்கிறதும் கூடவே சாயும்.

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் தலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போறே?"

"சிட்டுவை வெளிய கொண்டுபோறேன்."

"இந்த மழையிலயா? துரையை மறந்துட்டியா?"

"நாமதான் மறந்துட்டோம். சிட்டு மறக்கல."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "குட்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் தலையிலதான்."

"என் தலையிலயே இருக்கட்டும்."

கிடங்கு வாசலில் சிட்டு முரண்டு பிடித்தது. கொழுந்தன் பின்னாலிருந்து தள்ள, அவள் முன்னாலிருந்து இழுக்க, அது கழுத்தைத் திருப்பி ஒரு தடவை கனைத்தது. கிடங்கின் உள்ளிருந்து பதில் கனைப்பு வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் வந்தது.

"காலி இடம் அண்ணி, எதிரொலிக்கும்," என்றான் கொழுந்தன். "நான் தும்மினாக்கூட கூடவே ரெண்டு பேரு தும்முவாங்க." சொல்லிவிட்டு அவனே வேகமாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

வெளி அறையில் பலகை பரப்பி, மேலே காய்ந்த வைக்கோலைக் கனமாகப் போட்டிருந்தாள். தண்ணீர் தேங்காமல் இருக்க வாசலில் வாய்க்கால் வெட்டியிருந்தாள். சிட்டு மேல் கதவு வழியே தலையை நீட்டி மழையைப் பார்த்தது. வாளியைப் பார்க்கவில்லை. காலைத் தீனி அப்படியே இருந்தது. மத்தியானமும் அப்படியே. புருஷன் வந்து வாளியைப் பார்த்துவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவள் மூலையில் கவிழ்ந்து கிடந்த துரையின் வாளியை எடுத்தாள். துரை உதைத்து ஒரு பக்கம் நசுங்கிய வாளி. அதில் கொள்ளைப் போட்டுக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனாள். துரை புரண்ட தரை. பலகைத் தடுப்பை ஒட்டி, சிட்டுவின் கண்ணில் படாமல், மண்டி போட்டுக் குனிந்தாள். வாளியைப் பலகையில் இடித்தாள். ஒரு கை கொள்ளை அள்ளி வாயில் போட்டு, சத்தமாக மென்றாள்.

மண்ணும் பச்சையும் கலந்த ருசி. குமட்டியது. மென்றாள். கூரையில் மழை மட்டும் பேசியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பலகையில் காது உரசியது. அவள் இன்னொரு கை அள்ளினாள்.

அந்தப் பக்கம் வாளி நகர்ந்தது. சிட்டு தின்னத் தொடங்கியது.

நிமிர்ந்தபோது கதவில் புருஷன் நின்றிருந்தான். "கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்னு குதிரையைத்தான் சொல்வாங்க," என்றான். "இங்க என் பொண்டாட்டில்ல வாயைத் திறக்கிறா." சிரிக்கப் பார்த்தான். முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்கப்புறம் வேளை தவறாமல் அவள் முதல் வாய் தின்றாள். சிட்டுவின் விலாவில் சதை பிடித்தது. வயிறு இறங்கிக் கனத்தது. மழை விட்டு வெயில் வந்தது.

ஒரு மத்தியானம் சந்தையில் வண்டி கிடைக்காமல் அவளுக்குத் தாமதமாகிவிட்டது. ஓட்டமும் நடையுமாக வந்தாள். மைதானத்து வேலியைச் சரிசெய்துகொண்டிருந்த புருஷன் தூரத்திலிருந்தே கத்தினான்: "ரெண்டு வாளியையும் வச்சுட்டேன். நீ போய் உன் பங்கைச் சாப்பிடு!"

முற்றத்துக்குள் நுழைந்தவள் நின்றாள். சிட்டுவின் தலை வாளிக்குள் இருந்தது. தின்றுகொண்டிருந்தது. பழக்கம் விட்டுப்போயிற்று, இனி நான் வேண்டாம் என்று ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று.

அப்போதுதான் இரண்டாவது சத்தம் காதில் விழுந்தது. பக்கத்து அறையிலிருந்து. கனமாக, நிதானமாக மெல்லுகிற சத்தம். நடுநடுவே வாளி பலகையில் இடித்தது, அடியில் கிடக்கிற கொள்ளை வழிக்கும்போது துரை இடிக்கிற மாதிரியே. மேல் கதவு திறந்துதான் கிடந்தது. நாலு எட்டு வைத்தால் எட்டிப் பார்த்துவிடலாம்.

சிட்டுவின் ஒரு காது தடுப்புப் பக்கம் திரும்பியிருந்தது. அதன் தாடை ஓயாமல் அசைந்தது. வயிற்றின் ஓரத்தில், தோலுக்கு அடியில், குட்டி காலை நீட்டி மடக்குவது தெரிந்தது.

கண்ணாடிக்குள் இருந்தது தனக்காகத் தின்றது. இது அப்படியில்லை. இது தின்றால் சிட்டு தின்கிறது.

"துரை," என்றாள் அவள். தொழிலின் முதல் பாடம். "நான்தான்."

மெல்லுகிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

அவள் எட்டிப் பார்க்கவில்லை. முற்றத்தின் ஓரத்தில் பிள்ளைகள் ஏறி நின்று குதிரை ஏறுகிற கல்லில், சாலையைப் பார்த்து, இரண்டு வாளியும் காலியாகும் வரை உட்கார்ந்திருந்தாள்.

குட்டி நாள் நிறைந்து, வெளி அறையில், வெயில் விழுந்த வைக்கோலில் பிறந்தது. விழுந்து எழுந்து, நாலு காலில் நின்று, பால் குடித்தது. கொழுந்தன் வந்து பார்த்தான்; கண்ணாடியைத் திரும்பக் கேட்கவில்லை, அவளும் நினைவுபடுத்தவில்லை. அது கிடங்கில், தாழ்ப்பாளுக்குப் பின்னால், இருந்த இடத்திலேயே இருந்தது.

"இனிமே வெளியதான். நீ சொன்னதுதான் சரி," என்றான் புருஷன். "நடுவுல இருக்கிற தடுப்பை எடுத்துட்டா தாயும் பிள்ளையும் தாராளமா நிக்கும். அந்த அறை சும்மாதானே கிடக்கு?"

அவள் கொள்ளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு வாளியிலும் போட்டாள். நசுங்கிய வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"தடுப்பு இருக்கட்டும்," என்றாள். "மொதல்ல இதைக் கொண்டுபோய் வைங்க. போறப்ப குரல் கொடுத்துட்டுப் போங்க."