ராங்கியின் கழுத்து

இடுப்பில் ஆப்பரேஷன் முடிந்து, மழைக்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்துவிட்டு, ஊன்றுகோலோடு லாயத்துக்குத் திரும்பிய அன்று அக்காவின் காதில் முதலில் விழுந்தது கைதட்டல்தான். கற்றுக்கொள்ள வருகிறவர்கள், அவர்கள் வீட்டார் என்று அங்கே எல்லாருக்கும் அவள் அக்கா. அப்பாவுக்குப் பிறகு குதிரையேற்றப் பள்ளியை அவளும் தம்பியும் சேர்ந்து நடத்திவந்தார்கள். அவள் குதிரைகளைப் பழக்குவாள், அவன் மனிதர்களை. தன் வேலையில் அவன் படு கெட்டிக்காரன்.

மணல் திடலைச் சுற்றி வேலியோரம் நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் ராங்கியின் மேல் தம்பி. யார் கிட்டப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குதிரை என்பதால் அதற்கு அந்தப் பெயர்.

"வாங்கக்கா, வாங்க!" என்று பல் டாக்டர் எழுந்து இடம் கொடுத்தார். ஞாயிறு தோறும் குதிரை ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர். "பாத்தீங்களா, என்னமா வளைக்குது கழுத்த! சிலை மாதிரி இல்ல?"

குதிரையைப் பார்க்கும்போது அக்கா கழுத்திலிருந்து ஆரம்பிக்க மாட்டாள், வாலிலிருந்துதான் ஆரம்பிப்பாள். வால் விசிறி விசிறி அடித்துக்கொண்டிருந்தது. பின்னங்கால்கள் வயிற்றுக்குக் கீழே வந்து உடம்பைத் தாங்காமல், யாரோ தள்ளிவிட்ட வண்டி போலப் பின்னாலேயே இழுபட்டன. சேணத்துக்கு அடியில் முதுகு குழிந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் கழுத்துக்கு வந்தாள். காதுகளுக்கு நடுவே இருக்கவேண்டிய வளைவின் உச்சி, ஒரு சாண் பின்னால் தள்ளிக் கழுத்தின் நடுவில் ஒடிந்த கிளை மாதிரிப் புடைத்திருந்தது. நெற்றி செங்குத்தைத் தாண்டி உள்ளே போய், மோவாய் மார்பைத் தொட்டது. சேணத்தின் வயிற்றுப் பட்டையிலிருந்து கிளம்பி, கடிவாள வளையத்துக்குள் நுழைந்து தம்பியின் கைக்குப் போகும் கூடுதல் வார் ஒன்று வெயிலில் பளபளத்தது.

அக்கா உட்காரவில்லை. ஊன்றுகோலை மணலில் குத்திக் குத்தித் திடலுக்குள் நடந்தாள்.

"டேய், கைய விடு."

"என்னக்கா, இப்பதான வந்திருக்க. முதல்ல உக்காரு."

"வாரை விடுன்னேன். ரெண்டு கையையும் முன்னாடி நீட்டு, போதும்."

வந்திருந்தவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அவன் கையைத் தளர்த்தினான். தண்ணீருக்குள் யாரோ அமுக்கிப் பிடித்திருந்தவன் மூச்சுக்கு மேலே வருவது போல ராங்கி மூக்கை வானத்துக்கு எறிந்தது. கால்கள் பின்னிக்கொண்டன. தம்பி பிடரி மயிரைப் பற்றிக்கொண்டதால் கீழே விழாமல் தப்பினான்.

"ஒழுங்கா வேலை செய்யிற குதிரைக்கு வாரை விட்டா, கழுத்த நீட்டி ஓட்டுறவன் கையத் தேடிக்கிட்டு முன்னால கீழ வரும். இது விட்டாப் போதும்னு ஓடப் பாக்குது," என்று அக்கா சத்தமாகவே சொன்னாள்.

"அக்காவப் பாத்ததும் குதிரையே மிரண்டுடுச்சு!" என்று யாரோ சொல்ல, வேலியோரம் முழுக்கச் சிரிப்பு.

அக்கா ராங்கியின் மூக்குப் பட்டைக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. அவ்வளவு இறுக்கம். கொக்கியைக் கழற்றியதும் ராங்கி வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது, இன்னொன்று, மறுபடி இன்னொன்று. நாக்கின் ஓரம் நீலம் பாரித்திருந்தது. அவள் உள்ளங்கையில் கெட்டியான எச்சில் வழிந்தது. அதில் சிவப்பு நூல் போல ரத்தம். கையைத் துடைக்காமல் அப்படியே பல் டாக்டரிடம் போய் நீட்டினாள்.

"நாள் பூரா வாயத்தான பாக்குறீங்க? இதையும் கொஞ்சம் பாருங்க."

அவர் சட்டையில் பட்டுவிடாமல் ஒதுங்கிக்கொண்டார். "எனக்கு மனுஷப் பல்லுதாங்கக்கா தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என் குதிரைக்கும் அடுத்த வாரம் தலை இப்படி வளைஞ்சு வந்துடும்னு தம்பி சொன்னாரு. வந்துடும்ல?"

அவர் முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது. வந்த எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு சேண அறைக்குப் போனாள். ஆணியில் தொங்கிய ஒவ்வொரு கடிவாளத்தோடும் அதே கூடுதல் வார், புத்தம் புதுசாக. குட்டிக் குதிரையின் கடிவாளத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. தோலின் புது வாசனை மூக்கில் ஏறியது.

தம்பி வாசலில் வந்து நின்றான். "கோவப்படாத. முதுகு தூக்கணும், பின்னங்கால் உள்ள வரணும், அப்புறம் கழுத்து தானா வரும்னு நீ வருஷக் கணக்கா சொல்லிக்கிட்டிரு. எவன் காத்திருப்பான்? நான் சட்டுனு வர வச்சேன்."

"வர வைக்கல. கட்டி இழுத்து வச்சிருக்க."

"பாக்க நல்லா இருக்குல்ல?"

"தெரியாத ஒருத்தன் செஞ்சிருந்தா கத்துக் குடுத்துட்டுப் போயிருப்பேன். உனக்குத் தெரியும்டா. என்கூடச் சேந்துதான அப்பாகிட்டக் கத்துக்கிட்ட."

"தெரியும்," என்றான் அவன், துளிகூடக் கூச்சமில்லாமல். "ஆனா வேலியோரம் உக்காந்து எவன் பின்னங்காலப் பாக்குறான்?"

சின்ன வயதிலிருந்து பார்த்த அதே முகம். அதன் மேல் கோபம் வரும், பாவமாக இருக்கும், சில நாள் பொறாமைகூட வந்ததுண்டு. அருவருப்பு வந்தது அன்றுதான். அக்கா பிடரி கத்தரிக்கும் கத்தரிக்கோலை எடுத்து, வார்களை ஒவ்வொன்றாக வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

அந்த மாதமே அவன் பிரிந்து போனான். அடுத்த தெருவில் புதிதாக ஒரு லாயம் திறந்தான். பல் டாக்டரும், இங்கே வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேரும் அவனோடு போய்விட்டார்கள். ராங்கியை மட்டும் அக்கா விடவில்லை. முதலில் வெறும் நடை, அதுவும் நீளமான வாரில். கை லேசாக அசைந்தாலும் மோவாயை மார்புக்குள் ஒளித்துக்கொண்டு நடுங்கியது. ஊன்றுகோல் தேவைப்படாமல் போனதும் அவளே அதன் மேல் ஏற ஆரம்பித்தாள். ராங்கியின் பயம் தெளிந்து, ஒருநாள் காலை முதுகு தூக்கிச் சேணம் அவளை மெல்ல மேலே ஏந்தியபோது, பின்னங்கால்கள் அடியில் வந்து விழும் தாளம் அவள் இடுப்பில் கேட்டது. உச்சி காதுகளுக்கு நடுவே, மூக்கு ஒரு விரல் முன்னால், வாய் அமைதியாக, ஓரத்தில் லேசான வெள்ளை நுரை. அவள் கண் கலங்கிவிட்டது.

வேலியோரம் மகளைச் சேர்க்க வந்த ஓர் அம்மா நின்றிருந்தாள்.

"குதிரை ஏங்க மூக்க நீட்டிக்கிட்டுப் போகுது? அடுத்த தெருவுல எல்லாம் அழகா குனிஞ்சு போகுதே!"

அக்கா குதிரையை நிறுத்தவில்லை. "அங்கயே போங்க," என்றாள்.

அந்த அம்மா அங்கேயே போனாள்.