இரண்டு தடவையும் நார்மல்

என் வீட்டுக்காரர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சலூன் அவருடையது, நாற்காலியும் அவருடையதுதான். ஆனாலும் ஆளில்லாத நேரத்தில்கூட நின்றபடியேதான் பேப்பர் படிப்பார், டீ குடிப்பார், எதிர்க்கடைக்காரரோடு அரசியல் சண்டை போடுவார். சலூனுக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். அன்றைக்கு ஒரு பேன்ட்டின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால், மனிதர் அந்தச் சுழல் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. வாய் மூடியிருந்தது. வியர்வையைப் பார்த்தபோதுகூட ஒன்றும் தோன்றவில்லை. மூடிய வாயைப் பார்த்ததும்தான் பேன்ட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"வாயுப் பிடிப்பு. ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்றார்.

"சோடாவும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், எந்திரிங்க" என்று இரண்டு கடையையும் பூட்டிவிட்டு, கிடைத்த வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அவசரப் பிரிவில் வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் ஒரு பச்சைத் திரை. திரை என்று பெயர்தானே தவிர, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் தெறிக்கும். மார்பில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். அதிகம் பேசாதவள், ஆனால் பேசினால் முகத்தைப் பார்த்துப் பேசினாள். ஈசிஜியில் பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது என்றாள். "இதயத்துல தசை அடிபட்டா அதுல இருக்கற ஒரு புரதம் ரத்தத்துல கசியும்மா. ட்ரோபோனின்னு பேரு. அதை அளந்து பார்த்தா தெரிஞ்சிடும். ஆனா கசிய நேரமாகும். அதனால இப்ப ஒரு தடவை, மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுப்போம்."

முதல் ரத்தம் நார்மல் என்று வந்தது. உடனே இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பார்த்தியா? நான் சொன்னேன்ல? கிளம்பலாம் வா, ரெண்டு பேரை வரச் சொல்லியிருக்கேன்" என்று எழுந்தவரைத் தோளைப் பிடித்து அமுக்கிப் படுக்க வைத்தேன். வலி வருவதும் போவதுமாக இருந்தது. வரும்போது பேச்சை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்ப்பார். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நான் அந்த இடைவெளிகளையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் யார் என்று பார்த்தால், பேங்க்கார்! பேங்கில் வேலை பார்ப்பவர், சலூனுக்கு நெடுநாள் வாடிக்கையாளர். தலையில் வெட்டுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை என்றாலும் மாதம் தவறாமல் வருவார். கண்ட இடத்தில் சாப்பிட்டு வயிறு கெட்டு, கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. திரையை விலக்கி எட்டிப் பார்த்து, "என்ன சலூன்காரரே, இங்கயும் கடை போட்டாச்சா?" என்றார். அந்த நிலைமையிலும் இவர் சிரித்தார். "எண்ணெய் பாட்டில் ஒண்ணு எடுத்து வைங்கம்மா, போன தடவை வாங்கினது தீர்ந்துபோச்சு" என்று என்னிடமும் ஒரு ஆர்டர் போட்டார்.

அந்த எண்ணெயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவருக்கு உச்சந்தலையில் முடி கொட்ட ஆரம்பித்தபோது ஊர் சும்மா விடுமா? தன் தலையைக் காப்பாற்றத் தெரியாதவன் அடுத்தவன் தலையில் கை வைக்கிறான் என்று முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். வந்துகொண்டிருந்தவர்களில் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். நான்தான் இலை, வேர், விதை என்று எதையெதையோ போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் காய்ச்சி அவர் தலையில் தேய்த்துவிட்டேன். சில மாதத்தில் முடி வந்தது. சும்மா பஞ்சு மாதிரி இல்லை, நன்றாக, கறுப்பாக. இவர் என் எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றிக் கண்ணாடிக்கு முன்னால் அடுக்கிவிட்டார். "எங்க வீட்டம்மா கைவண்ணம்" என்று தன் தலையையே குனிந்து காட்டி விற்பார். காலமெல்லாம் அடுத்தவர் துணியின் அடியை மடித்துத் தைத்தவளுக்கு இப்படி ஒரு பேர் கிடைத்தால் எப்படி இருக்கும்? எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாவது ரத்தமும் எடுத்தார்கள். அதுவும் நார்மல்.

டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றாள். காகிதத்தைப் பார்ப்பாள், இவர் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி காகிதம். அளவெடுத்துத் தைத்த சட்டை ஆளுக்குப் பொருந்தாமல் போனால் நானும் அப்படித்தான் நிற்பேன். "சார், தினம் ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா? சுகர், பிரஷர்?" தனக்கு இல்லை என்று ஆரம்பித்து, சுகர் இருந்த பெரியப்பா கதை வரைக்கும் சொன்னார். "சத்து மாத்திரை? முடிக்கு, நகத்துக்குன்னு கடையில விக்கற மாதிரி?"

"இல்லை."

பேங்க்கார் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "அவருக்கு எதுக்கு டாக்டர் மாத்திரை? அவங்க வீட்டம்மா எண்ணெய் ஒண்ணு போதுமே! நீங்களும் ஒரு பாட்டில் வாங்கிப் பாருங்க."

நான் சிரித்தேன். வெட்கங்கெட்டவள், அந்த இடத்திலும் எனக்குப் பெருமை பொங்கியது. டாக்டரும் லேசாகச் சிரித்துவிட்டு, "சரி. ரெண்டு தடவையும் நார்மல். இப்ப வலி இல்லைன்னு சொல்றீங்க. வீட்டுக்கு அனுப்பறேன், ஆனா மறுபடி வலிச்சா உடனே ஓடி வரணும்" என்று எழுதப் போனாள்.

இவர் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து சட்டையை மாட்டினார். நான் செருப்பைத் தேடி எடுத்துக் காலடியில் வைத்தேன். வைத்துவிட்டு நிமிரும்போதுதான் அது மண்டையில் உறைத்தது. மணி என்ன என்று கேட்டால் கடிகாரம் வாங்கிய கதையிலிருந்து ஆரம்பிக்கிற மனிதர் இவர். சுகர் உண்டா என்று கேட்டதற்கே அவர் பெரியப்பா வரைக்கும் போய்வந்தார். முடி மாத்திரைக்கு மட்டும் ஒற்றைச் சொல்லில் இல்லை என்றார்.

"ஏங்க, என் முகத்தைப் பாருங்க" என்றேன். "முடிக்கு ஏதாவது முழுங்கறீங்களா?"

"மெதுவாப் பேசு. பேங்க்கார் முழிச்சிட்டுதான் இருக்கார்."

நான் அவர் பக்கம் குனிந்தேன். "எப்பலேர்ந்து?"

"முடி வந்துச்சே... அதுக்குக் கொஞ்சம் முன்னாடிலேர்ந்து." அவர் பொத்தானைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒண்ணு போடச் சொல்லித்தான் எழுதியிருந்தது. நான்தான் நாலு நாலா போட்டேன். காலையிலயும் போட்டேன்."

"டாக்டர் வாயத் தொறந்து கேட்டாங்களே, சொன்னா என்ன? நாக்கு அறுந்தா விழுந்துடும்?"

"எப்படிச் சொல்றது? நீ எவ்வளவு ஆசையா காய்ச்சறே. உன் தங்கச்சிகிட்ட போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கறே. அதைப் போய்..." பாதியில் நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

வந்த ஆத்திரத்தில் இரண்டு சாத்து சாத்தியிருப்பேன். கூடவே அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. ஊரையே ஏமாற்றிய மனிதர் என்னையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறார், அதுவும் நான் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று! டாக்டரைக் கூப்பிட்டால் பேங்க்கார் காதில் விழும். பேங்க்கார் காதில் விழுந்தால் ஊர் வாயில் விழும். கடை என்னாவது, அந்தப் பாட்டில்கள் என்னாவது, என் பேர் என்னாவது? ஒரு கணம் தயங்கினேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். முடி மாத்திரைக்கும் நெஞ்சு வலிக்கும் என்ன சம்பந்தம் இருந்துவிடப் போகிறது என்றுகூட நினைத்தேன். ஆனால் சம்பந்தமில்லாமலா அந்தப் பெண் கேட்டாள்? இவர் விரல்கள் இன்னும் அந்த முதல் பொத்தானிலேயே நின்றன. கண்ணை மூடிக்கொண்டு கத்திரி பிடிக்கிற விரல்கள், ஒரு பொத்தானைத் துளைக்குள் தள்ள முடியாமல் வழுக்கிக்கொண்டிருந்தன.

திரையை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டுக் கத்தினேன். "டாக்டர்! இவர் முடிக்கு மாத்திரை சாப்பிடறார்! அள்ளி அள்ளிச் சாப்பிட்டிருக்கார்! என் எண்ணெயெல்லாம் சும்மா, ஒண்ணுக்கும் ஆகாது!"

அந்த ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பேங்க்காரின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. "அப்ப நான் இத்தனை நாளா..."

"சார், உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், இப்ப சும்மா இருங்க."

டாக்டர் பேனாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "பேர் தெரியுமா சார், பயோட்டினா?" இவர் ஆமென்று தலையை ஆட்டினார். அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். அந்தச் சத்து ரத்தத்தில் மிஞ்சிப்போனால் தங்கள் மெஷின் சில சமயம் ஏமாந்துவிடும், புரதம் கசிந்திருந்தாலும் கசியாத மாதிரி காட்டும் என்றாள். வேறு முறையில் அளக்கிற மெஷின் இன்னொரு லேபில் இருக்கிறது என்று, எடுத்து வைத்திருந்த ரத்தத்தை வண்டியில் கொடுத்தனுப்பினாள். "அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. உங்க வீட்டுக்காரர் முகம் நார்மல்னு சொல்லல" என்றவள், மறுபடி ஒயர்களை ஒட்டி, மாத்திரைகளைக் கொடுத்து, இதய டாக்டருக்குப் போன் போட்டாள். இவரைப் படுக்க வைத்து மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் மாட்டினார்கள். இப்போது வலி வந்தது, ஆனால் போகவில்லை. இவர் மின்விசிறியைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நான் பேசினேன். எதிர்க்கடைக்காரரைத் திட்டினேன், வரப்போகிற தேர்தலைத் திட்டினேன், இவர் வாயைப் பிடுங்க என்னென்னவோ பேசிப் பார்த்தேன். பேங்க்கார்கூட, "சலூன்காரரே, கோவமெல்லாம் இல்ல. எழுந்து வாங்க, கணக்கை அப்புறம் தீர்த்துக்கலாம்" என்றார்.

போன் வந்தது. டாக்டர் கேட்டுக்கொண்டே ஒரு எண்ணைத் திருப்பிச் சொன்னாள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் போனை வைக்காமலே கையைத் தூக்கி நர்ஸைக் கூப்பிட்ட வேகம் புரிந்தது. "மாரடைப்புதாம்மா. நடந்துக்கிட்டே இருக்கு. இப்பவே உள்ள கொண்டுபோய் அடைப்பை எடுக்கணும். மணிக்கட்டு வழியா குழாய் விடுவாங்க" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

உள்ளே போவதற்கு முன் மணிக்கட்டில் முடி எடுக்க வேண்டும் என்று ஒரு ஊழியர் வந்தார். மறுகையில் ஊசி ஏற ஏற, இந்தக் கையில் அவர் ரேசரை வறட்டு வறட்டென்று இழுத்தார். இத்தனை நேரம் பேசாமல் கிடந்த மனிதர் குழாய்க்கு அடியிலிருந்து முணுமுணுத்தார்.

"தண்ணி தொட்டுக்கங்க தம்பி. தோலை இழுத்துப் பிடிக்கணும். இல்லன்னா கீறிடும்."

ஊழியருக்கு ஒரு கையில் தட்டு. நான் குனிந்து இரண்டு கட்டைவிரல்களாலும் அந்த மணிக்கட்டின் தோலை இழுத்துப் பிடித்தேன். ரேசர் மேலும் கீழும் போனது. "முடிஞ்சிடுச்சும்மா, கையை எடுங்க" என்றார். கட்டிலின் சக்கரத்தை யாரோ காலால் தட்டி விடுவித்தார்கள், கட்டில் நகர்ந்தது, நான் எடுக்காமல் கூடவே நடந்தேன். என் விரலெல்லாம் பொடிப்பொடியாக அவர் முடி ஒட்டியிருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் நாடி துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது.