வால்வு தானே

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. பேருந்தில் கிடைத்தது. ஆவடியிலிருந்து வரும் வண்டி. பின் இருக்கையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்: "வால்வு போச்சாம். மாத்தினாத்தான் ஓடுமாம்." அம்பத்தூரில் குடியிருக்கிறவனுக்கு இதைக் கேட்டால் வேறென்ன தோன்றும்? வீட்டு மோட்டார் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் வால்வு பம்பில் இருக்கும், கம்ப்ரஸரில் இருக்கும், சைக்கிள் ட்யூபில் இருக்கும். தொழிற்பேட்டையான எஸ்டேட்டுக்கும் அடுத்த ஊர் பாடிக்கும் நடுவே வால்வைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. நல்ல மெக்கானிக் ஒருவர் பெயரைச் சொல்லலாமே என்று அவள் பக்கம் திரும்பப் போனேன்.

அப்போது அவள் சொன்னாள்: "புள்ளைக்கு இன்னும் சொல்லல. எப்டி சொல்றதுன்னே தெர்ல."

மோட்டார் கெட்டதைப் பிள்ளையிடம் யாரும் மறைக்க மாட்டார்கள். எனக்கு விஷயம் உறைப்பதற்குள் பாடி வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்த கூட்டம் ஒன்று ஏற, இறங்குகிற கூட்டம் என்னை அள்ளிக்கொண்டு போய்க் கீழே விட்டது. அவள் முகத்தை நான் பார்க்கவேயில்லை. ஆகவே இதில் வருகிற முகம், பேர், வீடு எல்லாம் என் கைச்சரக்கு. அந்த இரண்டு பேச்சு மட்டும் இரவல்.

2

முதலில் இப்படி எழுதினேன்: "1989-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் வசித்துவந்த ஞானசௌந்தரி, வயது முப்பத்திரண்டு, மாநிறம்..." படித்துப் பார்த்தால் 'காணவில்லை' விளம்பரம் மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "இதயம் என்பது வெறும் தசை மட்டுமா? அது ஒரு"

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே வெட்கமாகிவிட்டது. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவதில் அவள் பெயர் ஆரோக்கியம்மாள். இதய நோயாளிக்கு இப்படி ஒரு பெயரா, ஆசிரியர் குறும்பு செய்கிறார் என்று நீங்கள் உதட்டைப் பிதுக்குவீர்கள். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் காலனிகளில் தெருவுக்கு இரண்டு ஆரோக்கியம்மாள் உண்டு என்று நான் சத்தியம் செய்தாலும் எடுபடாது. ஆகவே ஞானசௌந்தரியே இருக்கட்டும். புருஷன் ஜேசுராஜ், எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஒரே மகள் ரோஸி, இரண்டாம் வகுப்பு. வருகிற திங்கட்கிழமை சௌந்தரி டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்குள் மகளிடம் சொல்லியாக வேண்டும். கதை இவ்வளவுதான். காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

3

சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கியது. வீக்கம் வடிந்தது, பள்ளிக்கூடம் போனாள், கல்யாணம் ஆயிற்று. அந்தக் காய்ச்சல் போகிற போக்கில் நெஞ்சுக்குள் ஒரு கதவைக் கெடுத்துவிட்டுப் போனது யாருக்கும் தெரியவில்லை. ரோஸி பிறந்த பிறகு அடிபம்பில் ஒரு குடம் அடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. ரத்தம் கம்மி என்று டானிக் கொடுத்தார்கள். படுத்தால் இருமல் வந்தது. சளி என்றார்கள். கடைசியில் பெரிய டாக்டர்தான் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். வால்வு சுருங்கிவிட்டது. நெஞ்சைத் திறந்து அதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்க வேண்டும். வைத்த பிறகு ஆயுசுக்கும் மாத்திரை.

அதுவரை நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டிருந்த ஜேசுராஜ், 'வால்வு' என்று காதில் விழுந்ததும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். என்ன மெட்டல் என்று கேட்டான். எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டான். டாக்டர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். வெளியே வந்ததும் அவன் பெண்டாட்டியிடம், "வால்வு தானே சௌந்தரி. நான் இன்னாவோன்னு பயந்துகினு இருந்தேன்" என்றான்.

அன்றிலிருந்து கள்ளிக்குப்பமே அந்தப் பாட்டைத்தான் பாடியது. கம்பெனி ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, வால்வு தானே என்று டீ குடித்துவிட்டுப் போனார்கள். சர்ச்சில் மணியடிக்கிற கோயில் பிள்ளை சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார்கள். தினமும் கையில் பிடித்துக் கழற்றி மாட்டுகிற சாமான், அதற்குப் போய் யார் பயப்படுவார்கள்? சௌந்தரிக்குப் பயமாக இருந்தது. மார்பெலும்பை அறுப்பார்களாமே என்று பயம். மயக்கத்திலிருந்து எழுந்திருக்காமல் போனால் என்று பயம். ஏழு வயசுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்ற பயம் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. ஆனால் அதைச் சொல்ல வாய் திறந்தாலே, ஊர் ஒரு சின்ன சாமானின் பெயரைச் சொல்லி வாயை அடைத்தது.

(இந்த இடத்தில் ஜேசுராஜ் மேல் எனக்குக் கோபம் வந்து, அவனைக் குடிகாரனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். பாவம், அவன் பீடிகூடப் பிடிக்காதவன். அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதையும் பிடுங்கிக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு அவளை யார் கூட்டிப் போவார்கள்?)

4

சித்திரை வெயில். வருஷத்துக்கு மிளகாய்த்தூள் அரைத்து வைக்கிற சமயம். சௌந்தரியும் பக்கத்து வீட்டு முனியம்மாவும் ஒன்றாகத்தான் காய வைப்பார்கள், ஒன்றாகத்தான் மில்லுக்குக் கொண்டுபோவார்கள். இந்த முறை பாயில் மிளகாயைக் கொட்டிவிட்டு சௌந்தரி திகைத்து நின்றாள். எவ்வளவு அரைப்பது?

வருஷம் முழுக்கத் தேவையானதை அரைத்து வைத்தால், நான் வர மாட்டேன், நீங்களே பொங்கித் தின்னுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது. கொஞ்சமாக அரைத்து வைத்தால், வந்து மீதியை அரைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை மாதிரி இருக்கிறது. சரி, கொஞ்சம்தான் என்று பாதியைச் சாக்கில் அள்ளினாள். அள்ளியதும் வேறு மாதிரி தோன்றியது. நான் திரும்பி வராமல், தூளும் தீர்ந்துபோனால், அப்பனும் மகளும் கடைத் தூளைப் போட்டுக் குழம்பு வைத்துக்கொண்டு என்னை நினைத்துக்கொள்வார்களே. மறுபடி கொட்டினாள். எது நம்பிக்கை, எது அவநம்பிக்கை என்று அவளுக்கே குழம்பிப்போயிற்று. எழுதுகிற எனக்கும் குழம்பித்தான் போயிற்று.

பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் முனியம்மா கேட்டாள். "இன்னாடி, கொட்றே அள்றே, கொட்றே அள்றே. மொளகாயா அது, சோழியா?"

சௌந்தரிக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே அழுகை. மிளகாய் நெடி என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முனியம்மா முழுவதையும் தானே சாக்கில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டாள்.*

* என் நண்பர் பக்தவத்சலம் இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். மிளகாய்க்கும் ஹார்ட்டுக்கும் என்ன சார் சம்பந்தம் என்றார். உங்கள் வீட்டில் யார் அரைக்கிறார்கள் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

5

இனித் தள்ளிப்போட முடியாது, மகளிடம் சொல்ல வேண்டும். அம்மா ஊருக்குப் போகிறேன் என்று சொல்லலாம். எந்த ஊர், நானும் வரேன் என்பாள். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். உடம்பு சரியில்லாத அம்மா ஏன் புடவை மடித்துப் பையில் வைக்கிறாள் என்பாள். நான் எழுதிக் கொடுத்த எல்லா வசனத்தையும் சௌந்தரி ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை சாயந்திரம் ஜெபம் முடிந்ததும் அவளுக்குச் சட்டென்று வழி கிடைத்தது. சுவரில் திரு இருதய ஆண்டவர் படம். கீழே சின்னச் சிவப்பு பல்பு. இப்படி ஒரு படம் இல்லாத கத்தோலிக்க வீடு அந்தப் பக்கம் கிடையாது. ஆண்டவர் ஒரு விரலால் தன் நெஞ்சைக் காட்டிக்கொண்டிருப்பார். சௌந்தரியும் காட்டினாள். "அந்த மாரி, அம்மாவுக்கும் இருதயம் கீது இல்ல? அதுல சின்னதா ஒரு ரிப்பேரு. டாக்டரு நெஞ்ச தொறந்து சரி பண்ணி அனுப்பிடுவாரு." ரோஸி படத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இவ்வளவு சுலபமா என்று சௌந்தரிக்கு ஆச்சரியம். நானும் பேனாவை மூடிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் அன்று முதல் ரோஸி அம்மா பக்கத்தில் படுக்கவில்லை, அப்பா பக்கம் போய்விட்டாள். மறுநாள் ஞாயிறு பூசையில் பெஞ்சில் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். தலை வாரிவிட இழுத்தால் கட்டை மாதிரி விறைத்தாள். சௌந்தரிக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னதும் பிள்ளை மனசைக் கல்லாக்கிக்கொண்டதா? இவ்வளவுதானா பாசம்? நல்லதுதான், இப்போதே பழகட்டும், நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் ஏங்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டுக் குளியலறையில் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே அழுதாள்.

(உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை ஏன் தள்ளிப் போனாள் என்று எனக்கும் அப்போது தெரியாது. குழந்தைகளுக்கு மரணம் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று இரண்டு பக்கம் பிரமாதமாக எழுதினேன். அத்தனையும் பொய். கிழித்தாயிற்று.)

திங்கட்கிழமை காலை ஜேசுராஜ் ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்தான். பையை எடுக்க உள்ளே வந்தவன், எடுக்காமல் நின்றான். ரோஸி தன்னிடம் இப்போது ஒன்று கேட்டதாகச் சொன்னான். படத்தில் ஆண்டவருக்கு இருக்கிற மாதிரி இருதயத்தை நெஞ்சுக்கு வெளியே எடுத்து வைத்துவிடுவார்களே, அதில் இருக்கிற மாதிரி முள்ளையும் சுற்றுவார்களா என்று கேட்டாளாம். அம்மா திரும்பி வந்தால் கட்டிப் பிடிக்க முடியாது, நசுங்கிவிடும், அதனால் இப்போதிலிருந்தே கட்டிப் பிடிக்காமல் இருந்து பழகிக்கொள்கிறேன் என்றாளாம். இதைச் சொல்லிவிட்டு ஜேசுராஜ் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

6

இனி முடிவுக்கு வர வேண்டும். கையில் மூன்று இருக்கிறது.

ஒன்றில் சௌந்தரி பிழைத்து வருகிறாள். ரோஸி அம்மாவின் நெஞ்சில் காதை வைத்து 'டிக் டிக்' என்று கேட்டுச் சிரிக்கிறாள். சர்க்கரை தூக்கல். இன்னொன்றில் அவள் வரவில்லை. அந்தக் காலத்தில் அப்படியும் நடந்தது, தெரியும். எழுத உட்கார்ந்தேன், "ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது ரோஸி" என்பதோடு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எழுத எனக்குத் தெம்பு இல்லை. மூன்றாவது, எல்லாம் கனவு. அதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள்.

மூன்றையும் தள்ளி வைத்துவிட்டேன். ஆட்டோ இன்னும் கிளம்பவில்லை.

7

சௌந்தரி ரோஸியைக் கூப்பிட்டாள். பிள்ளை வந்து ஒரு முழம் தள்ளி நின்றாள். சௌந்தரி அவள் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். இருதயம் உள்ளேதான் இருக்கும், வெளியே வராது, முள்ளெல்லாம் கிடையாது, நடுவில் ஒரு தையல் மட்டும் இருக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். தையல் ஆறிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்றாள். ரோஸி சுவரிலிருந்த படத்தை ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு இரண்டு நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேன்கூட. ஆனால் பிள்ளை விடவில்லை. கட்டிக்கொண்டபடியே காதருகில் கேட்டாள்:

"உனுக்கு பயமாக்கீதாமா?"

இத்தனை நாளில் இதை யாருமே அவளிடம் கேட்கவில்லை.

சௌந்தரி சொல்ல வேண்டிய பதிலை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஆமாம் என்று சொன்னால், அந்தப் பயத்தை ஏழு வயசுப் பிள்ளை தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும், சாப்பிடும், தூங்கும். இல்லை என்று சொன்னால், கேட்ட ஒரே ஆளையும் பொய் சொல்லி அனுப்பிவிட்டு இவள் தனியாகப் போக வேண்டும். பெற்றவளுக்கு எது தகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் இது சரி என்று படுகிறது, மறுநாள் அது. உங்களுக்குப் பிள்ளை இருக்கலாம், அல்லது நீங்கள் ஒருத்தியின் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். என்னைவிட உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வெளியே ஜேசுராஜ் கூப்பிடுகிறான். ரோஸி கழுத்தை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள்.