பதினோராவது துண்டு

கோப்பை வெட்டிவிட்டார். நான் வேண்டாம் என்று சொன்னதைத்தான் செய்திருக்கிறார். அதுவும் நான் இல்லாத நேரம் பார்த்து.

இப்படி நினைத்துக்கொண்டே அவள் திரையைப் பார்த்தாள். அவளும் கணவரும் ஆஸ்பத்திரியின் தகவல்களைப் புதிய சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் பழைய சர்வரில், மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களின் பட்டியலில் 9,640 பேர். புதிய சர்வரில் 9,328.

இணையப் பக்கம் வழியாக ஐம்பது எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது. எல்லா நோயாளிகளின் விவரமும் இருக்கும் கோப்போ ஒரு ஜிபி. அதை முழுசாக சர்வருக்கு அனுப்பி, அங்கேயே திறந்துகொள்ளலாம், மூன்று மணி நேரம் ஆகும் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். "ம்" என்றார் கணவர். அவள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனதும் கோப்பை இருபத்தொரு துண்டாக வெட்டி ஏற்றியிருக்கிறார். பதினோராவது துண்டு ஒரு வரியின் நடுவில் தொடங்கியது. நூற்றுக்கணக்கானவர்களின் விவரத்தை ஒரே நீள வரியாக அடுக்கும் கோப்பு அது; அந்த ஒரு வரியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். திரை பிழை என்றது. 'பிழைகளைத் தாண்டிச் செல்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"முந்நூறு பேரக் காணோம்."

"ஒம்பதாயிரத்துல முந்நூறு! மகராசி, உனக்கு வெட்டினாலும் தப்பு, ஒட்டினாலும் தப்பு."

"அவங்க பேருக்கு நேரா இப்ப 'ஒன்றுமில்லை'ன்னு காட்டுதுங்க. நர்ஸ் அதப் பாத்துதான் ஊசி போடுவாங்க."

"அப்புறம் சேத்துக்கலாம். டாக்டரம்மா நாலு மணிக்குப் புது சர்வரத் திறக்கப் போறாங்க. எல்லாம் சரியா வந்துருச்சுன்னு நீ ஒரு வார்த்த சொல்லிடு. நான் சொன்னா நூறு கேள்வி கேப்பாங்க. உன்னன்னா நம்புவாங்க."

நம்புவார்கள். பத்து வருஷமாக இவர் விட்ட ஓட்டைகளையெல்லாம் அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அடைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் போனை எடுத்ததும் தன் குரல் தானாகக் குழைவதை நினைத்தாள். எரிச்சல் வந்தது. அவர்மேல் பாதி, அந்தக் குரல்மேல் பாதி.

அவர் டாக்டரம்மாவின் எண்ணை அழுத்திவிட்டு போனை நீட்டினார். மறுமுனையில் மணி அடித்தது.

அவள் கை மேசையிலேயே இருந்தது.

"பிடிம்மா. எடுத்துட்டாங்க."

"நான் சொல்ல மாட்டேங்க," என்றாள், மகள் தூங்கும்போது பேசுகிற குரலில். "வேணும்னா முந்நூத்திப் பன்னண்டு பேரக் காணோம்னு சொல்றேன்."