மாலதி போன இடம்

பொன்னுரங்கம் ஞாயிற்றுக்கிழமையிலும் கடை திறக்கிறவர். சிதம்பரம் மேல வீதியை ஒட்டிய சந்தில் எரிந்த தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. நடவு சமயத்தில் சாப்பிடக்கூட நேரமிருக்காது. அப்படிப்பட்டவர், ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுக் கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

அவர் மனைவி மாலதி வருஷக்கணக்காகப் போய் வந்த வண்டி அது. கடலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த வினோதினி அவளுக்காக ஜெபம் செய்தாளாம். அதிலிருந்து மாலதிக்கு ஏசுவின் மேல் மனசு போய்விட்டது. சிதம்பரத்திலேயே சர்ச் இருந்தாலும், தெருவில் பேச்சு வரக்கூடாதென்று அவ்வளவு தூரம் போனாள். பொன்னுரங்கம் தடுக்கவுமில்லை, கூடப் போகவுமில்லை. தன் பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடுவார். திரும்பும்போது போய் அழைத்து வருவார். அங்கே என்ன சொன்னார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருமுறை அவளாகவே சொன்னாள். "ஞானஸ்நானம் எடுத்துக்கச் சொல்றாங்க. நான் அப்பறமா எடுத்துக்கறேன்னுட்டேன். நீங்க வர்றப்ப ரெண்டு பேரும் சேந்தே எடுத்துக்கலாம்."

"அதுக்கு நீ ரொம்ப நாளு காத்திருக்கணும்" என்று அவர் சிரித்தார்.

"இருக்கறேன்" என்றாள்.

போன மாசியில் மஞ்சள் காமாலை முற்றி மாலதி போய்விட்டாள். குடும்ப வழக்கப்படி எரித்தார்கள். காரியம் முடிந்து மகள் கனிமொழி பண்ருட்டிக்குத் திரும்பினாள். வீடு காலியானதும் ஒரு கேள்வி வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. செத்த பிறகு ஏசுவிடம் போய்விடுவேன் என்று அவ்வளவு நிச்சயமாகச் சொல்வாளே, போய்ச் சேர்ந்தாளா? தனக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் அந்தத் தண்ணீர் படாமலே போய்விட்டாளே, அதனால் அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பார்களோ? சோற்றில் கை வைத்தால் இந்த நினைப்பு வந்துவிடும். கேட்பதற்கு ஆள் கடலூரில்தான் இருந்தது.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், வலைக்கடைக்கு மேல் மாடியில் நடந்தது அந்தச் சபை. தகரக் கூரை, தரையில் பாய். பொன்னுரங்கம் கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"மாலதி அக்கா வீட்டுக்காரருங்களா? நான் வினோதினி."

"ஆமாம்மா. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"உங்களப் பத்தித்தான் பேசிகினே இருப்பாங்க. உங்க முதுகுவலிக்கு நாங்க எல்லாருமே ஜெபம் பண்ணியிருக்கோம். இப்ப தேவலயா அண்ணா?"

முகம் தெரியாத இத்தனை பேர் தன் முதுகுவலிக்காகக் கையெடுத்திருக்கிறார்கள் என்பதை அவரால் சட்டென்று வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அக்கா பாடுனா இந்தத் தகரமே அதிரும்" என்றாள் வினோதினி.

"மாலதியா? பாடுவாளா?"

வீட்டில் அவள் முணுமுணுத்துக்கூட அவர் கேட்டதில்லை. "போன்ல கீன்ல புடிச்சு வச்சிருக்கீங்களா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"இல்லிங்கண்ணா. யாருக்கும் தோணலயே."

அவர் நிமிர்ந்து அந்தத் தகரக் கூரையைப் பார்த்தார். முப்பது வருஷம் கூடவே இருந்தவளின் குரல், அவர் காதில் விழாமலே இந்த மாடியில் ஒலித்து முடிந்துவிட்டது.

பாஸ்டர் பேர் கதிர்வேல். பொன்னுரங்கத்தைவிடப் பத்து வயதாவது சின்னவர். பாயிலேயே எதிரில் வந்து உட்கார்ந்தார். பொன்னுரங்கம் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"அவ ஞானஸ்நானம் எடுக்கல. என்னாலதான். எரிச்சும் போட்டோம். அவ போய்ச் சேந்துட்டாளா, இல்லையா? எனக்கு அது தெரியணும்."

"சேந்துட்டாங்க ஐயா."

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க."

"ஆறுதலுக்குச் சொல்லல. ஏசுவ சிலுவையில அறைஞ்சப்ப பக்கத்துல ஒரு திருடனையும் அறைஞ்சிருந்தாங்க. உசுரு போற நேரம். என்னையும் நெனச்சுக்கங்கன்னு மட்டுந்தான் கேட்டான். இன்னிக்கே நீ என்கூட சொர்க்கத்துல இருப்பன்னு சொல்லிட்டாரு. அவன் முழுக்கு எடுத்தானா, நல்ல காரியம் ஏதாச்சும் செஞ்சானா? ஆணி அடிச்ச கைய வச்சிகிட்டு என்னா செய்ய முடியும்? அவன் பாவத்துக்கும் சேத்துதான் பக்கத்துல இருந்தவரு செத்துகிட்டிருந்தாரு. வாசல அவரே தொறந்து வச்சிட்டாரு. உங்க சம்சாரம் அவர நம்புனாங்க. அது போதும்."

பொன்னுரங்கத்துக்கு மார்பில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இறங்கிய இடத்தில் ஏக்கம் முன்னைவிடப் பெரிசாக வந்து உட்கார்ந்தது.

"அப்ப நானும் சேந்துக்கறேன் பாஸ்டர். என்னா செய்யணுமோ சொல்லுங்க. அவ இருக்கற இடத்துல நான் இருக்கணும்."

பாஸ்டர், "அவுங்க அங்க இல்லன்னு வச்சிக்கங்க. அப்பவும் ஏசுகிட்ட வருவீங்களா?" என்று கேட்டார்.

"அவ இல்லாத இடத்துல எனக்கு என்னா வேலை?"

"அப்படின்னா இன்னும் கொஞ்சம் யோசிச்சிட்டு வாங்க ஐயா. பொண்டாட்டியப் பாக்கறதுக்குன்னு வர்றது வேற, அவர நம்பி வர்றது வேற."

பொன்னுரங்கம் எழுந்து சட்டையை உதறிக்கொண்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார். பஸ் ஆலப்பாக்கம் தாண்டும் வரை கோபம் இருந்தது. அப்புறம் அதுவும் வடிந்து, வெறுமைதான் மிஞ்சியது. அவள் இருக்கிறாள், நல்லாவே இருக்கிறாள், தனக்குத்தான் அங்கே வழியில்லை.

அடுத்த ஞாயிறு அவர் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், எரிந்துபோன மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கடை வாசலில் நிழல் தட்டியது. பாஸ்டர் கதிர்வேல் நின்றிருந்தார். மழையில் பாதி நனைந்திருந்தார்.

"அட்ரஸ் எப்படித் தெரியும்?"

"வினோதினி சொன்னாங்க. மேல வீதியில நாலு பேருகிட்ட கேட்டேன்." பாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அன்னிக்கு நான் கேட்டது தப்பு ஐயா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

பொன்னுரங்கம் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அந்தத் திருடன் கதைய நானே உங்களுக்குச் சொல்லிட்டு, நானே அத மறந்துட்டேன். நீ எதுக்குடா கேக்கற, சாவு பயத்துல கேக்கறியா, நெசமாவே கேக்கறியான்னு அவன்கிட்ட ஏசு கேக்கல. கேட்டான், குடுத்துட்டாரு. அவரு கேக்காத கேள்விய நான் உங்ககிட்ட கேட்டுப்புட்டேன். இந்த ஞாயிறு நீங்க வரல. ரெண்டு நாளா தூக்கமில்ல. நீங்க சம்சாரத்துக்காகவே வாங்க. வந்தப்பறம் மிச்சத்த அவரு பாத்துக்குவாரு."

இதைச் சொல்ல ஒரு மனுஷன் மழையில் பஸ் ஏறி வந்திருக்கிறான். பொன்னுரங்கத்தால் எதிரில் இருந்தவரின் ஈரச் சட்டையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"எனக்கு ஜெபமெல்லாம் தெரியாது" என்றார்.

"தெரிஞ்சத பேசுங்க."

கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். கண்ணை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி மூடினார்.

"சாமி, மாலதி உங்ககிட்ட ஒருத்தனப் பத்திச் சொல்லிகினே இருந்திருப்பா. அந்த ஆளு நான்தான். நான் நல்லவனெல்லாம் இல்ல. அவ கூப்பிட்டப்ப வராதவன். இப்ப வர்றேன். என்னையும் சேத்துக்கங்க."  காரியத்தன்றுகூட அழாதவர் ஸ்பேனருக்கும் செம்புக் கம்பிக்கும் நடுவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். பாஸ்டர் முதுகில் கையை வைத்தபடி இருந்தார்.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. மாலதியைப் பார்க்கவேண்டும் என்ற தவிப்பு இம்மியும் குறையவில்லை. ஆனால் இத்தனை மாதமாக யாருமில்லாத பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கையை, எங்கிருந்தோ ஒருவர் பற்றிக்கொண்ட மாதிரி இருந்தது.

மழை விடும் வரை இருவரும் டீ குடித்தார்கள்.

"ஞானஸ்நானம் எங்க குடுப்பீங்க?"

"தேவனாம்பட்டினத்துல. கடல்ல."

"கடல்லயா?" பொன்னுரங்கம் கிளாஸைக் கீழே வைத்தார். "எனக்கு நீச்சல் தெரியாதுங்களே."

"இடுப்பளவு தண்ணிதாங்க ஐயா" என்றார் பாஸ்டர். "அலை வந்தா நான் புடிச்சிக்குவேன்."