சீகைக் கட்டைகளின் கோரிக்கை

மேல்கரைத் தேயிலை எஸ்டேட்டில் ஐப்பசியில் அடுக்கிய சீகைமர விறகுக்குத் தினமும் சாயங்காலம் ஏதாவது வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்காவிட்டால், வெட்டிய இடத்துக்கே மலையேறிப் போய்விடும். தார்ப்பாய் மழையைத் தடுக்கும். போகிற விறகைத் தடுக்காது.

லைன் வீடுகளில் எல்லோரும் பஞ்சாங்கம்தான் வாசித்தார்கள். பக்கத்து வீட்டு லூர்துமேரி ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளும் விறகுக்குப் பஞ்சாங்கம்தான். பரஞ்சோதிக்கு அது ஆகாது. முப்பது வருடம் தொழிற்சங்கத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். அவர் வாங்கித் தந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் பெயரை மறந்துபோன ஜனம் அது.

"ராகு காலம் பார்த்தா உரிமை வாங்கினோம்?" என்று சொல்லி, டிரங்குப் பெட்டியிலிருந்து தம் பழைய துண்டுப் பிரசுரங்களை எடுத்தார்.

விறகு அசையாமல் கேட்டது. லைனிலேயே அவருடைய அடுக்குதான் தூக்குக்குண்டு பிடித்ததுபோல நேராக நின்றது. மனிதர்கள் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. கார்த்திகை முழுக்க, தாம் முன்பு நடத்திய இருபத்திரண்டு நாள் வேலைநிறுத்தத்தின் பிரசுரங்களையே வாசித்தார்.

மார்கழி பிறந்ததும் உறைபனி விழுந்தது. அவர் மனைவி கனகவல்லிக்கு நெஞ்சுச் சளி; கணப்பு இல்லாமல் இரண்டு நாள் பனி தாங்க மாட்டாள் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். பரஞ்சோதி அடுப்பு மூட்டினார். மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்தது. காய்ந்த கட்டைகளில் கரிகூடப் படியவில்லை.

"உங்க ஆளுங்க வேலைக்கு வரல போல," என்றாள் கனகவல்லி இருமலுக்கு நடுவே.

லூர்துமேரி நாலு கட்டை கொடுத்தாள். அடுக்கைத் தாண்டி உள்ளே வந்ததும் அவையும் எரியவில்லை.

"என் கட்டையையும் சங்கத்துல சேர்த்துட்டீங்களே தலைவரே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் முன்வரிசைச் சீகைக் கட்டையின் பட்டையில் கரையான் எழுதியிருந்தது. ஒரே கோரிக்கை: எங்கள் குளிரை அறியாதவர் எங்களை ஏவக் கூடாது, வீட்டாரில் ஒருவர் அடுக்கில் கிடக்க வேண்டும், எங்களில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். எஸ்டேட் துரை ஒரு நாளாவது கொழுந்துக் கூடை சுமக்கட்டும் என்று வேலைநிறுத்தத்தின்போது அவர் எழுதியதுதான். துரையும் கூடையும் மட்டும் மாறியிருந்தன. பிழை ஒன்றுமில்லை.

அன்று துரை அதைப் படிக்காமலே கிழித்தார். பரஞ்சோதி இதை இரண்டு முறை படித்தார். உள்ளே இருமல் கேட்டது. அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றாம் வரிசையில் கால் நீட்டிப் படுத்தார். கட்டைகள் நகர்ந்து இடம் கொடுத்தன. அந்தச் சீகைக் கட்டை இறங்கி வீட்டுக்குள் போயிற்று. சற்று நேரத்தில் கூரையில் புகை தெரிந்தது. இருமல் தணிந்தது.

சாயங்காலம் கனகவல்லி வெளியே வந்தாள். முகம் தெளிந்திருந்தது. கையில் லூர்துமேரியின் பஞ்சாங்கம். "செவ்வாய், ராகு காலம் மூணுலருந்து நாலரை," என்று தொடங்கி, அந்தப் பக்கம் முடியும்வரை வாசித்தாள். ஆட்சேபிக்கும்படி அதில் ஒன்றுமில்லை என்று பரஞ்சோதிக்குப் பட்டது.

வாசித்து முடித்ததும், மூன்றாம் வரிசையில் கிடந்தவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ஈரம் போகலைங்க," என்று வீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"தை பிறக்கட்டும்," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

கனகவல்லி தார்ப்பாயை இழுத்து மூடினாள்.